இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

கல்லூரியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பாக்கெட் மேடம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தரவுத் தொடர்பும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கும் நடத்துகிறவள். ஒரு மணி நேர வகுப்பில் எத்தனை தடவை "பாக்கெட்" என்று சொல்கிறாள் என்று கடைசி பெஞ்சில் ஒரு எண்ணிக்கை ஓடும். எழுபதைத் தொட்டுவிட்டால் பந்தயத்தில் தோற்றவன் கேண்டீனில் டீ வாங்கித் தர வேண்டும். இது அவளுக்கும் தெரியும். சில நாள் அறுபத்தெட்டில் நிற்கிறது என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, போகிற போக்கில் இரண்டைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

பதினொரு வருட வேலை. மாணவர்கள் பயன்படுத்தும் ஆய்வகக் கையேட்டை எழுதியதும் அவள்தான். அதன் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எந்தக் கேபிளைச் செருகும் முன்னும் அதன் இரண்டு முனைகளும் எங்கே போகின்றன என்று கையால் தொட்டுப் பார்க்கவும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஆசிரியர் அறை. ஆறு மேசை, ஒரு பீரோ, இன்னொரு நாற்காலிகூடப் போட இடமில்லாத நெருக்கம். அவள் மேசைக்கு அடியில் சுவரோரமாக ஒரு கையகலப் பெட்டி கிடக்கும். ஸ்விட்ச் என்பார்கள். எட்டுத் துளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. அறையில் உள்ள கம்ப்யூட்டர்களின் கேபிள்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்கு வந்து சேரும். அங்கிருந்து ஒரே ஒரு கேபிள் சுவரைத் துளைத்துக்கொண்டு கட்டடத்தின் பொது நெட்வொர்க்குக்குப் போகும்.

அன்று அவள் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. வருகைப் பதிவைப் போட்டுவிட்டு ஒன்பதரை வகுப்புக்கு ஓட வேண்டும். மேசைக்கு அடியில் குனிந்தாள். தரையில் ஒரு கேபிள் முனை அநாதையாகக் கிடந்தது. 'இதுதான் கழன்றிருக்கு' என்று எடுத்துக் காலியாக இருந்த துளையில் செருகினாள். போகிற கையோடு மற்ற முனைகளையும் ஒரு அழுத்து அழுத்தினாள். விளக்குகள் எரிந்தன. மணி அடித்தது. முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, திரையைக்கூடப் பார்க்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேபிள் அவளுடையது அல்ல. முந்தின வாரம் வந்து போன ஒரு விருந்தினர் ஆசிரியர் தன் லேப்டாப்பிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. அதன் மறுமுனை ஏற்கெனவே அதே பெட்டியில்தான் இருந்தது.

ஒன்பதரைக்குக் கீழே மூன்று ஆய்வகங்களில் முதலாம் ஆண்டு மாணவர்கள் முந்நூற்று எண்பது பேர் ஆன்லைன் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். கேள்வித்தாள் திறக்கவே இல்லை. சிலருக்குத் திறந்து, இரண்டு பதில் எழுதியதும் உறைந்துபோனது. அலுவலகத்தில் சலான் அச்சாகவில்லை. நூலகத்தில் புத்தகம் கொடுக்க முடியவில்லை. ஒரு கட்டடமே மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

லேப் டெக்னீஷியனை எல்லாரும் கேபிள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர், நாற்பது வயது, இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். அன்று அவர் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு மாடிக்கும் போகும் இணைப்பைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார். மூன்றாம் மாடியைப் பிடுங்கியதும் மற்ற எல்லாம் உயிர் வந்து எழுந்தது. அதற்குள் ஒரு மணி நாற்பது நிமிடம் போயிருந்தது. தேர்வு ரத்து.

பாக்கெட் மேடம் வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கேபிள் அண்ணன் உள்ளே வந்து, நேராக அவள் மேசைக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரே கேபிளின் இரண்டு முனைகள்.

"ரெண்டு முனையும் ஒரே பெட்டியில. யாரு செருகினது?"

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அவளுக்கு மேற்கொண்டு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வருடா வருடம் ஏழாம் வாரம் கரும்பலகையில் அவளே படம் போட்டுக் காட்டுகிற பாடம் அது.

'நான்தான் அண்ணா' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதே நேரம் முதல்வர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே துறைத் தலைவர்.

"முந்நூத்தி எண்பது பேருங்க. பெத்தவங்க போன் மேல போன் போடுறாங்க. எந்த மடையன் பாத்த வேலை இது?"

திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டாள். நாக்கு சுட்டது. அந்த ஒரு மடக்கில் நேரம் கடந்துவிட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முதல்வரின் கோபம் அடங்கட்டும். வேறு யாராவது மடையன் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம்; பாடம் நடத்துகிறவளே அந்த மடைத்தனத்தைச் செய்தால் பையன்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். எதையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடமாட்டார்.

"யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்லைங்க."

"பரிச்சை மறுபடி வைக்கிறாங்களா?"

"வர்ற சனிக்கிழமை."

"அப்புறம் என்னம்மா. எங்க லைன்ல தினம் நூறு பிஸ்கட் உடையுது. யாரு உடைச்சான்னு விசாரிச்சா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். விடு."

அவள் விடத்தான் நினைத்தாள். விடவும் செய்திருப்பாள். ஆனால் வியாழக்கிழமை முதல்வர் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார். துறைத் தலைவர், அலுவலக மேலாளர், மூன்றாவதாக அவள்.

"இந்த சப்ஜெக்ட் இங்க உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார் முதல்வர். "ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்திருங்க. நிர்வாகத்துக்குக் காட்டணும்."

மறுக்கக் காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அறிக்கையை அவளே தட்டச்சு செய்தாள். கேபிள் ஒன்றின் இரு முனைகளும் ஒரே ஸ்விட்சில் இணைக்கப்பட்டதால் நெட்வொர்க் முடங்கியது. இப்படி நேராமல் தடுக்கும் வசதியுள்ள ஸ்விட்ச் வேண்டும் என்று டெக்னீஷியன் இரண்டு வருடம் முன்பே எழுதிக் கேட்டிருக்கிறார். இந்த வரியைச் சேர்க்கும்போது அவளுக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று தோன்றியது. கடைசி வரி: இணைத்தது யார் என்று தெரியவில்லை. அதைத் தட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். செயப்பாட்டு வினை எவ்வளவு வசதி என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. 'இணைக்கப்பட்டது.' யாருமே இல்லாமல் ஒரு காரியம் தானாக நடந்துவிடுகிறது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

யார் என்று தெரியாத வரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அவள் நம்பினாள். உண்மையாகவே நம்பினாள்.

அது நடந்த மூன்றாவது வாரம் அந்தப் பாடம் வந்தது. தள்ளிப் போட வழியில்லை, பாடத்திட்டத்தில் தேதி போட்டிருக்கிறது. கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்தாள்.

"ஒரு கம்ப்யூட்டர் சில சமயம் எல்லாருக்கும் சேர்த்து ஒரு செய்தி அனுப்பும். 'இந்த முகவரி யாருது, சொல்லுங்க'ன்னு. ஸ்விட்ச் அதை வாங்கி, வந்த வழியைத் தவிர மத்த எல்லா வழியிலயும் ஒவ்வொரு நகல் அனுப்பும். இப்ப ஒரு கேபிளோட ரெண்டு முனையும் இதே பெட்டியில இருந்தா என்ன ஆகும்? ஒரு முனை வழியா வெளிய போன நகல் இன்னொரு முனை வழியா உள்ள வரும். பெட்டிக்கு அது புதுசா வந்த செய்தி. மறுபடி எல்லாருக்கும் நகல். மறுபடி உள்ள வரும். ஒரு நொடிக்குள்ள ஆயிரக்கணக்குல. உண்மையான செய்திக்கு நடக்க வழி கிடைக்காது."

வகுப்பு அன்றைக்கு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பாக்கெட் எண்ணும் கடைசி பெஞ்சுகூடப் பலகையைப் பார்த்தது. முன்வரிசையில் எப்போதும் கேள்வி கேட்கும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அந்தச் செய்திக்கு ஆயுசு கிடையாதா மேடம்? பாக்கெட்டுக்கு ஒரு எண்ணு இருக்கும், ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையும், பூஜ்யம் ஆனா செத்துரும்னு போன வாரம் சொன்னீங்களே."

"அது ரவுட்டர் வேலை பாக்குற மேல் அடுக்குல. ஸ்விட்ச் வேலை பாக்குற இந்த அடுக்குல அப்படி ஒண்ணும் கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்குற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும்."

"அன்னைக்கு நம்ம காலேஜ்ல நடந்தது இதுதானே மேடம்?"

"ஆமா."

"செருகினது யாரு?"

ஐம்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல" என்றாள்.

அதுவரை அவள் செய்தது பேசாமல் இருந்தது. இது பொய். ஆசிரியையாகச் சொன்ன பொய். சாக்பீஸை வைத்துவிட்டு, பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே வகுப்பை முடித்தாள்.

ஆசிரியர் அறையில் முன்பின் பார்க்காத ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் மட்டும் துடைப்பத்தை விடாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

"அக்கா வரலையா?" என்று கேட்டாள் மேடம்.

அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்த அம்மாவை முதல்வர் முதல் மாணவர் வரை எல்லாருமே அக்கா என்றுதான் அழைப்பார்கள். ஐம்பது வயதிருக்கும். மேடம் மறந்துவிட்டுப் போகும் டிபன் பாக்ஸைக் கழுவி மறுநாள் மேசைமேல் கவிழ்த்து வைத்திருப்பாள். ஒன்றிரண்டு வாரமாகக் கண்ணில் படவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

"அவங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்கம்மா. ஏதோ ஒயரை மாத்திச் செருகிட்டாங்களாம். மேசைக்கு அடியில கையே வைக்கக்கூடாதுன்னு எங்க சூப்பர்வைசர் சொல்லித்தான் அனுப்பினாரு."

மேடம் படியில் இறங்கி நேராக ஆய்வகத்துக்குப் போனாள். கேபிள் அண்ணன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அக்காவை எதுக்கு எடுத்தாங்க?"

அவர் உடனே நிமிரவில்லை.

"ஆபீஸ்ல என்கிட்ட விளக்கம் கேட்டாங்க மேடம். 'யாருன்னு தெரியலைன்னு கமிட்டி எழுதிருச்சு, அப்ப பொறுப்பு உன்னுது, இன்க்ரிமென்ட்டை நிறுத்திரலாமா'ன்னாரு மேனேஜர். நான் என்ன பண்ணுவேன்? காலையில ரூமுக்குள்ள மொதல்ல போறது அந்தக்கா. மேசையை நகத்திப் பெருக்குவாங்க. ஒருவேளை அப்ப நடந்திருக்கலாம்னு எழுதினேன். 'ஒருவேளை'ன்னுதான் எழுதினேன். ஆபீஸ்ல, பெருக்க ஆள் அனுப்புற கான்ட்ராக்ட் கம்பெனிக்கு போன் போட்டு ஆளை மாத்தச் சொல்லிட்டாங்க."

அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான்தான் அண்ணா செருகினேன்."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அது உருண்டு மேசை விளிம்பில் நின்றது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீங்க ரெண்டு முனையையும் கையில பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்பவே."

"அந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டீங்களே."

"போட்டேன்."

"எனக்கு நல்லது பண்றதா நெனச்சு, ஸ்விட்ச் கேட்டேன்னு ஒரு வரி சேர்த்தீங்க. அதை எங்க வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன் மேடம். மேடம் எனக்காக எழுதியிருக்காங்கன்னு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "நான் மட்டும் என்ன. தலை தப்பணும்னு ஒரு 'ஒருவேளை'யைப் போட்டு அந்தக்கா தலையில இறக்கிட்டேன். 'அவங்க செருகலை'ன்னு அவங்களுக்காகப் பேச ஒரு ஆளு இல்லாத இடம்னு தெரிஞ்சேதான் இறக்கினேன்."

அவர் எழுந்து சட்டையை உதறினார். "அவங்க இப்ப எங்க வேலை பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு வாங்க, போலாம்."

மறுநாள் மதியம் போனார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஒரு சலவைக்கூடம். ஆளுயர இயந்திரங்கள் நான்கு ஓடிக்கொண்டிருந்தன. சோப்பும் சூடான பருத்தியுமாக நெடி அடித்தது. அக்கா ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, ஈர விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்தினாள்.

"என்ன தம்பி, மறுபடி ஏதாச்சும் நின்னுபோச்சா?"

"இல்லக்கா. ஒரு விஷயம் பேசணும்."

சாப்பாட்டு இடைவேளை வந்ததும் அக்கா அவர்களை வெளியே ஒரு பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் பேசும் முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"டீச்சர், அன்னைக்குக் காலையில உங்க மேசையை நான்தான் நகத்தினேன். ஒரு ஒயரு தொடைப்பத்துல மாட்டி இழுத்துச்சு. எடுத்து விட்டேன். எடுத்து விட்டேனா, எங்கயாச்சும் சொருகி விட்டேனா, அதுதான் இன்னி வரைக்கும் ஞாபகம் வரலை. கண்ணை மூடினா அந்த மேசை அடிதான் தெரியுது. முந்நூத்தி எண்பது புள்ளைங்க பரிச்சையாமே. ராவு பகலா படிச்சிருக்குங்க. நான் ஒருத்தி தொடைப்பத்தைப் பாத்து விட்டிருக்கலாம்."

மூன்று வாரமாக மேடம் அறிக்கையில் ஒளிந்துகொண்டிருந்தாள். தப்பே செய்யாத ஒருத்தி இங்கே ஈரத்துணியோடு நின்றுகொண்டு அந்தத் தப்பைச் சுமந்திருக்கிறாள்.

"அக்கா, நீங்க பண்ணலை. நான் பண்ணினேன். தரையில கிடந்த ஒயரை எடுத்துச் செருகினது நான். தெரிஞ்சும் சொல்லாம இருந்ததும் நான்."

அக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. கேபிள் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப நான் இழுத்த ஒயரு?"

"அது என் கம்ப்யூட்டரோடது. லேசா கழண்டிருக்கும். அதனால என் ஒரு கம்ப்யூட்டர்தான் நிக்கும். கழட்டினா யாருக்கும் எதுவும் ஆகாது அக்கா. செருகினதாலதான் எல்லாம் நின்னுச்சு."

"ஒரு ஒயரைச் செருகினா எப்படி டீச்சர் அவ்வளவு பெரிய கட்டடம் நிக்கும்? ஸ்விட்சுன்னு சொன்னாங்க. லைட்டு போடுற ஸ்விட்சுதானேன்னு நெனச்சேன்."

அக்கா கேலிக்குக் கேட்கவில்லை. தன் தலையில் ஏற்றிய குற்றம் இன்னதென்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. மேடம் பலகையில் போட்ட படத்தை இங்கே வார்த்தையால் போட்டாள்.

"ஒரு கூடத்துல நூறு பேர் இருக்காங்கன்னு வைங்க. நடுவுல ஒரு ஆள். அவர் வேலை, யாராவது 'எல்லாருக்கும் சொல்லு'ன்னு சொன்னதை எல்லார் காதுலயும் போய்ச் சொல்றது. அவர் காதுலயே அவர் சொன்னது திரும்ப வந்து விழுந்தா?"

"மறுபடி எல்லாருக்கும் போய்ச் சொல்வாரு."

"மறுபடி அவர் காதுல விழும்."

"மறுபடி சொல்வாரு." அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கத்தல்ல ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்காது."

"அதேதான் அக்கா. அந்த ஆளோட வாயையும் காதையும் ஒரு ஒயரால நான் சேர்த்துக் கட்டிட்டேன்."

எத்தனையோ வருடம் நடத்தியும் இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிந்துகொண்டதில்லை. அக்கா மடியில் வைத்திருந்த சாப்பாட்டை மூடினாள்.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா உங்களை என்ன பண்ணியிருப்பாங்க?"

"திட்டியிருப்பாங்க. விளக்கம் எழுதிக் கொடுன்னு கேட்டிருப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"என்னை வேலையை விட்டே எடுத்துட்டாங்களே டீச்சர்."

கேபிள் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நானும் எழுதிக் கொடுத்தேன்க்கா. உங்க பேரைச் சொன்னது நான்."

"தெரியும் தம்பி. சூப்பர்வைசர் சொன்னாரு. நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன். நீ சொன்னதாலதான் நானே செஞ்சிருப்பேன்னு நம்பினேன்."

அவர் எழுந்து தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"உங்களை மறுபடி அங்க எடுக்கச் சொல்லி முதல்வர்கிட்ட பேசறேன் அக்கா" என்றாள் மேடம்.

"வேண்டாம். இங்க நின்னு செய்யற வேலை, பழகிருச்சு. அங்க வந்தா ஒவ்வொருத்தரும் என்னையும் பாப்பாங்க, தரையில கெடக்குற ஒயரையும் பாப்பாங்க." விரிப்புகள் காயும் கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எம்பொண்ணு ஒரு கிளினிக்ல டோக்கன் கொடுக்குற வேலை பாக்குறா. விஷயம் தெரிஞ்சதும் 'படிச்சவங்க சாமானை எதுக்கும்மா தொட்ட'ன்னு ஒரே பேச்சு. இப்பவும் வீட்ல டிவி ஒயரைத் தொட்டா ஓடி வந்து கையைத் தட்டி விடுறா. நான் செய்யலைன்னு நானே போய்ச் சொன்னா எடுபடாது. எழுத்துல கொடுங்க. நீங்களே வந்து அவகிட்ட கொடுங்க."

மறுநாள் காலை மேடம் முதல்வரின் அறைக்குப் போனாள். தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். இந்த முறை எந்த வினையும் யாருமில்லாமல் நடக்கவில்லை. நான் செருகினேன். நான் மறைத்தேன். நான் தெரிந்தே தவறான அறிக்கையில் கையெழுத்திட்டேன்.

முதல்வர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபைல் மூடியாச்சும்மா. மறுதேர்வும் முடிஞ்சுபோச்சு. இதைக் கிளறி யாருக்கு லாபம்?"

"அந்தக்காவுக்கு சார்."

"அவங்க வேற வேலையில சேர்ந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே."

"சேர்ந்துட்டாங்க. குற்றத்தையும் கூடவே கொண்டு போயிட்டாங்க."

அவர் தாளைத் திருப்பித் தர நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நகலைத் துறைத் தலைவருக்கும் கான்ட்ராக்ட் கம்பெனிக்கும் ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவள் நின்று வாங்கிக்கொண்டாள்.

நடவடிக்கை என்று வந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஆய்வகப் பொறுப்பு இன்னொருவருக்குப் போனது. அடுத்த பருவத்தில் அந்தப் பாடமும் அவளுக்கு இல்லை. கேபிள் அண்ணன் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதி, அந்த 'ஒருவேளை'யைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முதல்வர் கடைசியில் கல்லூரி முத்திரையோடு நான்கு வரி எழுதிக் கொடுத்தார்: மேற்படி பணியாளருக்கும் அன்றைய சம்பவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வகுப்பிலும் சொன்னாள். முன்வரிசைப் பெண்ணைப் பார்த்து, "அன்னைக்கு யாருன்னு கேட்ட. தெரியலைன்னேன். பொய். நான்தான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் எதுவும் கேட்காமல் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அப்புறம் பருவம் முடியும் வரை அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் எண்ணிக்கையும் நின்றுவிட்டது.

"சொன்னதும் பாரம் குறைஞ்சுச்சா?" என்று கணவர் கேட்டார். அவள் "இல்லைங்க, இப்பதான் எவ்வளவுன்னு தெரியுது" என்றாள். அவர் அதற்குமேல் பிஸ்கட் கதை எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும். கதவைத் திறந்தது மகள். கிளினிக் சீருடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மேடம் தான் யார் என்று சொல்லி, முத்திரை போட்ட தாளையும் தன் கடிதத்தையும் கொடுத்தாள். மகள் நின்றுகொண்டே படித்தாள். முதலில் முத்திரைத் தாள். பிறகு கடிதம், இரண்டு தடவை. உள்ளே அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மாவை நான் என்னவெல்லாம் பேசிட்டேன் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மகள்.

"அக்கா சொன்னாங்க."

"இவ்வளவுதான் எழுதியிருக்கீங்க. ரெண்டு பக்கம். இதை எழுத நாலு வாரம் ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் மேடம்.

மகள் தாள்களை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். அம்மாவிடம் போய், அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா ஒரு கையால் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையால் மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க டீச்சர். மாடி ஏறி வந்திருக்கீங்க."

நாற்காலியில் உலர்ந்த துணிகள் கிடந்தன. மேடம் அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்தாள்.